உடைந்த மண்வெட்டியை உடனே பற்றவைக்காதீர்கள்

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய மண்வெட்டி கழுத்தில் முறிந்தது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'ஆயுள் உத்தரவாதம்' என்று அச்சிட்டிருந்தது. ஆள் கூலி வீணாகக் கூடாதென்று அன்று மாலையே வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக் கொண்டார். பத்தே நாளில், பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடியும் முறிந்தது. அதன் பிறகுதான் கடைக்குப் போனார். பற்றவைத்த தழும்பைக் காட்டிக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ரசீதும் கைவசம் இல்லை.

இதில் விவசாயி இழந்தது மண்வெட்டியின் விலையை மட்டுமல்ல. தம் பக்கம் நியாயம் இருந்தும் அதை மெய்ப்பிக்க இருந்த ஒரே சாட்சியைத் தாமே அழித்துவிட்டார். உத்தரவாதத்துடன் விற்கப்படும் கைக்கருவி உடைந்தால் மாற்றுக் கருவி பெறுவது எப்படி என்பதை விவசாயப் பெருமக்கள் அறிந்து வைத்திருப்பது நலம்.

பழைய ஏற்பாடு

கருவிக்கு உத்தரவாதம் என்பது நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் கிராமக் கொல்லர் ஆண்டு முழுவதும் கொழு அடித்துக் கொடுப்பார். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தோய்ச்சல் ஏற்றித் தருவார். அதற்கு ஈடாக, அறுவடையின்போது களத்தில் அவருக்கு நெல் அளந்து கொடுக்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியில் தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பில், கொல்லர், தச்சர் முதலியோருக்குக் களத்தில் கொடுத்த பங்கு கிராமம் கிராமமாகப் பதிவாகியுள்ளது. கருவி பழுதானால் யாரிடம் போவது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. செய்தவர் அதே ஊரில் இருந்தார்.

இன்று கருவி எங்கோ ஓர் ஆலையில் செய்யப்பட்டு, பல கை மாறிக் கடைக்கு வருகிறது. ஆகவே கொல்லரின் வாய்ச்சொல் இருந்த இடத்தில் அச்சிட்ட சீட்டும் ரசீதும் வந்துள்ளன. அவற்றைப் பத்திரப்படுத்தினால்தான் உத்தரவாதத்திற்கு மதிப்பு.

'ஆயுள்' என்பது யாருடைய ஆயுள்?

அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1927இல் 'கிராப்ட்ஸ்மேன்' என்ற பெயரில் கருவிகளை விற்கத் தொடங்கியது. அந்தப் பெயருள்ள கைக்கருவி உடைந்தால், கடையில் கொடுத்து வேறொன்று வாங்கிக் கொள்ளலாம் என்ற உத்தரவாதம் அதற்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. நம் நாட்டிலும் ஸ்பானர், குறடு போன்ற கருவிகளில் சில இத்தகைய உத்தரவாதத்துடன் விற்கப்படுகின்றன. மண்வெட்டி, அரிவாள் வகைகளில் இது அபூர்வம்.

'ஆயுள்' என்றதும் வாங்கியவரின் ஆயுள் முழுவதும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் கருவியின் இயல்பான உழைப்புக்காலம் என்பதே அதன் பொருள். பொருளிலோ செய்முறையிலோ உள்ள குறைக்கே உத்தரவாதம் பொருந்தும். தேய்மானம், மரக்காம்பு முறிவு, துரு, தவறான உபயோகம் ஆகியவை பொதுவாக அதில் அடங்கா. பற்றவைத்த கருவியையும் மாற்றித் தரமாட்டார்கள். எனவே சீட்டிலுள்ள சிறிய எழுத்துகளையும் வாங்கும்போதே படித்துப் பார்க்க வேண்டும்.

முறிவு முகம் சொல்லும் சாட்சி

கருவி உடைந்ததும் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுவதும் புதிதாகப் பளபளத்தால், ஒரே அடியில் முறிந்தது என்று கொள்ளலாம். ஒரு பகுதி மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்தால், அந்த இடத்தில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. காய்ச்சிய எஃகைத் தோய்க்கும்போது ஏற்பட்ட விரிசலாக அது இருக்கலாம்; உபயோகத்தில் சிறிது சிறிதாக வளர்ந்த விரிசலாகவும் இருக்கலாம். வாங்கிய சில நாட்களிலேயே இப்படிக் காணப்பட்டால் ஆலையின் குறை என்று ஐயுற இடமுண்டு.

சாதாரண மண்ணில் வேலை செய்யும்போதே வாய் பொடிந்து உதிர்ந்தால் தோய்ச்சல் மிகுந்துவிட்டது. வாய் மடங்கிக்கொண்டால் தோய்ச்சல் போதவில்லை. கல்லில் அடித்ததால் வந்த வடுவுக்கு ஆலை பொறுப்பாகாது.

பற்றவைத்தால் இந்த அடையாளங்கள் எல்லாம் மறைந்துவிடும். அது மட்டுமன்று, கரிச்சத்து மிகுந்த எஃகைப் பற்றவைக்கும்போது பற்றுக்கு அருகிலுள்ள பகுதி மிகுந்த சூடேறி விரைவில் ஆறுகிறது. அதனால் அப்பகுதி கடினப்பட்டு எளிதில் முறிகிறது. மேலே கூறிய விவசாயியின் மண்வெட்டி பற்றை ஒட்டியே இரண்டாம் முறை முறிந்ததும் இவ்வாறு நேர்ந்திருக்கலாம்.

நம் கையால் நேரும் கேடு

முறிந்த காம்பின் அடிக்கட்டை வளையத்தில் சிக்கிக்கொண்டால், மண்வெட்டியை நெருப்பில் போட்டு அதை எரித்தெடுக்கும் வழக்கம் உண்டு. இதனால் தோய்ச்சல் இறங்கி எஃகு மிருதுவாகிவிடும். கட்டையை உளி கொண்டு செதுக்கியோ துளையிட்டோ எடுப்பதே சரி. சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது வாய் நீல நிறமாக மாறினால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிவிட்டது என்று அறியலாம். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்ட வேண்டும். மண்வெட்டியைக் கடப்பாறைபோல் வைத்துக் கல்லை நெம்பக் கூடாது. இக்காரணங்களால் கருவி கெட்டால் உத்தரவாதம் கோர முடியாது.

வாங்கும்போது

தொண்டூர்க் குன்றில் சமணர்களுக்கென வெட்டிய கற்படுக்கை உள்ளது. அதைச் செய்வித்தவர் பெயரும், செய்தவராகிய மோசியின் பெயரும் அங்கே தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கருவியிலும் செய்தவர் பெயர் அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டிய சீட்டு நான்கு நாளில் உரிந்துவிடும். பெயரற்ற கருவிக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது.

ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 'ரசீது போட்டால் வரி சேரும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். மண்வெட்டி, கோடாரி, அரிவாள் முதலிய விவசாயக் கைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. ரசீது தராமலிருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயலாகும்.

உடைந்ததும் செய்ய வேண்டியவை

1. வேலையை நிறுத்தி, முறிந்த எல்லாத் துண்டுகளையும் சேகரிக்கவும். முறிந்த முகத்தைத் தேய்க்கவோ கழுவவோ வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி வைக்கவும்.

2. முறிந்த முகம், பொறித்த பெயர், ரசீது ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளவும். ரசீதின் மை நாளடைவில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

3. வாங்கிய கடைக்குச் சென்று மாற்றிக் கேட்கவும். துண்டுகளைக் கொடுத்தால் எழுத்து மூலம் ஒப்புகை பெறவும்.

4. கடைக்காரர் மறுத்தால், ரசீதிலோ சீட்டிலோ உள்ள முகவரிக்கு, நிறுவனத்தின் பெயரில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்பவும். வாங்கிய நாள், முறிந்த நாள், எந்த மண்ணில் என்ன வேலை செய்தபோது முறிந்தது என்பவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். நகல் ஒன்றை வைத்துக் கொள்ளவும்.

அதற்கும் மறுத்தால்

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் கட்டணமின்றி முறையிடலாம். சிறிய தொகைக்கு முதலில் இதைச் செய்து பார்ப்பதே சிக்கனம். பலன் இல்லையேல் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. கருவி வெளியூரில் வாங்கியதானாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஒரு மண்வெட்டிக்காக ஒருவர் விழுப்புரம் வரை அலைவது கட்டுப்படியாகாது என்பது உண்மையே. ஆனால் ஒரே வகைக் கருவி ஒரே ஊரில் பலருக்கு முறிந்திருந்தால், ஆணையத்தின் அனுமதியுடன் அனைவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். விவசாயி தொழிலுக்காக வாங்கியவர், ஆகவே நுகர்வோர் அல்லர் என்று சிலர் வாதிடக்கூடும். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் கூறுகிறது. விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

எழுதிய உத்தரவாதம் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். விற்ற பொருள் விற்பனைக்கேற்ற தரம் உடையதாக இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமே கூறுகிறது.

இரவல் மண்வெட்டி வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அன்றைய வேலையை முடித்துக் கொள்ளுங்கள். முறிந்த துண்டு கடையில் முடிவு தெரியும்வரை வீட்டில் இருக்கட்டும். பட்டறைக்குப் போவதை அதன் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.