கடாரத்தில் ரப்பர் மரம் ஏது?

தோட்டப்புற வாசகர்களே, முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கதைப்போட்டி வைத்தோம். 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் யாரையாவது எடுத்துக்கொண்டு, கல்கி சொல்லாமல் விட்ட கதையொன்றை மாணவர்கள் சொந்தமாக எழுத வேண்டும். பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து வாசகர்களே எழுதும் இத்தகைய கதைக்கு 'ரசிகர் புனைகதை' என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. பாரதத்து அர்ச்சுனனை மதுரைக்கு அழைத்து வந்து அல்லியரசாணிக்கு மாலையிட வைத்த நம் பாட்டன்மார் செய்ததும் இதுதானே?

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதைக்கு முதல் பரிசு கொடுத்தேன். இராஜேந்திர சோழனின் கப்பற்படையோடு வந்தியத்தேவன் கடாரத்தில் இறங்குகிறான். பகைவரின் காவலர் துரத்துகிறார்கள். வாலிப வந்தியத்தேவன் ரப்பர் மரங்களின் மறைவில் பாய்ந்து ஓடித் தப்புகிறான். இரவில் ஒரு குடிசையில் மிளகாய்ச் சம்பலோடு சோறு உண்கிறான். நடை அருமையாக இருந்ததால் மயங்கிவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் அதை வாசிக்கவும் சொன்னேன்.

வாசித்து முடித்ததும், ஆயுள் முழுவதும் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரே, பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா சோழ ராசா காலத்துல பால் வெட்டினது யாரு? பிரட்டுக்குப் பேர் கூப்பிட்டது யாரு?" என்றார். கூடமே சிரித்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. குனிய வேண்டிய தலை என்னுடையது.

ரப்பர் பிரேசில் காட்டு மரம். 1876இல் அதன் விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன; அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. இராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்ததோ 1025இல். இடையே 850 ஆண்டுகளுக்கு மேல்! செம்பனையும் அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரத்தை 1917இல்தான் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காக முதலில் நட்டார்கள். நாம் பிறந்ததிலிருந்து பார்க்கும் இந்த இரண்டு மரங்களும் இல்லாத மலாயாவை நம்மால் எளிதில் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளையும் எழுதினாள், நானும் கவனிக்கத் தவறினேன்.

அன்று மாலையே அவளையும் இன்னும் நான்கு மாணவர்களையும் உட்கார வைத்தேன். "என்ன இருந்தது என்று பிறகு தேடுவோம், என்ன இல்லை என்று முதலில் எழுதுங்கள்" என்றேன். சரித்திரக் கதை எழுத விரும்பும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி, அன்னாசி, நிலக்கடலை, மரவள்ளி, புகையிலை யாவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அவை கடல் தாண்டி நம் பக்கம் வந்தன. குந்தவை வீட்டுக் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. தேத்தண்ணியும் இல்லை, காப்பியும் இல்லை. (இதைக் கேட்டதும் ஒரு பையன், "பாவம் சார்!" என்றான்.)

அடுத்த சறுக்கல் தஞ்சைப் பெரிய கோயில். நாவலின் காலம் சுந்தர சோழர் காலம். இராஜராஜன் எழுப்பிய பெரிய கோயிலோ 1010இல் நிறைவு பெற்றது. ஆனாலும் ரசிகர் கதைகளில் நந்தினி அங்கே போய்க் கும்பிடுகிறாள். சுரங்க வழிகூட அங்கிருந்தே தொடங்குகிறது.

எங்களை மிகவும் திணற வைத்தது வந்தியத்தேவனின் வயது. சுந்தர சோழர் காலத்தில் வாலிபனாக இருந்தவன், 1025இல் எழுபதைத் தாண்டியிருப்பான். மரத்துக்கு மரம் பாய்கிற வயதா அது? அந்தப் பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்போ என் கதையே போச்சா சார்?" என்று கேட்டாள்.

போகவில்லை. சரித்திரமே அவளுக்கு வேறொரு வழி காட்டியது. போருக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு சோழரும் கடாரத்து அரசரும் நண்பர்களாக இருந்தார்கள். கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதை முடித்தார். சைவனான இராஜராஜன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருமானத்தை எழுதி வைத்தான். செப்பேட்டில் உள்ள செய்தி இது. அப்போது வந்தியத்தேவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கலாம். வாளை உறையில் போட்டுவிட்டு, தூதனாகக் கப்பல் ஏறத் தகுந்த வயது!

எனக்கு இது பெரிய ஆறுதல். 'நாம் கடாரத்தை வென்றவர்கள்' என்று பிள்ளைகள் மார்தட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். வென்றது உண்மை. ஆனால் அதற்கு முன்பே இரு கரைக்கும் போக்குவரத்து இருந்ததும் உண்மை. பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளையோடு பந்து விளையாடுகிற நம் பிள்ளைக்கு இரண்டும் தெரிய வேண்டாமா? வென்ற கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள்.

கல்கி 1950 முதல் 1954 வரை அந்தத் தொடரை எழுதியபோது, கதை நடக்கும் இடங்களை இலங்கை வரை நேரில் போய்ப் பார்த்தார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். எங்கள் தோட்டத்து மேட்டில் நின்றால் ஜெராய் மலை தெரியும். அன்றைய மாலுமிகளுக்குக் கடலிலிருந்து கரைக்கு வழிகாட்டிய மலை அதுதான். ஒரு வேன் பிடித்து, மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போனோம், 1980இல் திறந்தது. அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. தூண் நின்ற கற்களில் குழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரத்தூணும் கூரையும் மழையோடு போய்விட்டன. ஆக, கடாரத்துக் காட்சியில் வானளாவிய கற்கோபுரத்தை வைக்க முடியாது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத்துறையையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை குனிந்து ஒரு கருப்புக் கசடுக் கல்லை வெகுநேரம் பார்த்தாள். வந்தியத்தேவன் கரை இறங்கியதும் முதலில் முகர்வது உலைப்புகை என்று வண்டியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

புத்தகத்தில் கிடைக்காததை லயத்தில் கேட்டோம். விளக்கில்லாத இருட்டில் காட்டுப் பாதையில் நடப்பது எப்படி, அட்டை எங்கே ஏறும், மழை வருவதை எதைக் கொண்டு அறிவது என்பதையெல்லாம் விடியுமுன் மரம் வெட்டப் போன நம் பாட்டிமாரைவிட யார் அறிவார்? ஒரு பாட்டி, "இருட்டுல கண்ணை நம்பாதே, காலை நம்பு" என்றார். அது அப்படியே கதைக்குள் போய்விட்டது.

காற்றின் கணக்கைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வரத் தென்மேற்குக் காற்று வேண்டும். திரும்பிப் போக மார்கழி, தை மாதத்து வாடைக்காற்று வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பயணம் செய்த சீனத் துறவி இ-சிங், கடாரத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் கடல்வழியை 30 நாள் என்று எழுதியிருக்கிறார். ஆகவே வந்தியத்தேவன் காரியம் முடிந்ததும் சட்டென்று கப்பலேற முடியாது. காற்றுக்காகச் சில மாதம் கடாரத்தில் காத்திருந்தே ஆகவேண்டும். அந்த மாதங்களில்தான் அவளுடைய புதிய கதை நடக்கிறது. குடிசையில் இப்போது மிளகும் இஞ்சியும் தேங்காயும் சேர்ந்த மீன் குழம்பு.

திருத்திய கதையை எடுத்துக்கொண்டு அவள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாசலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"முப்பது நாள் கடல்லன்னு சொல்றியே ஆயி, குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்ணினாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "கண்டுபிடிச்சிட்டு வர்றேன் தாத்தா" என்று எழுதிக்கொண்டாள்.