உங்களுக்குத் தெரியுமா? காடும் நாயும் நடுகல்லும்

சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய படவேட்டை அடுத்து எழும் சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி; இது கடினப் பாறையும், கோடையில் இலை உதிர்க்கும் காடும், சந்தன மரமும் கொண்டது. காட்டோரத்தில் மனிதனுடன் நடந்த நாய்க்கு, இம்மலை பரவியுள்ள திருவண்ணாமலை மாவட்டம் அளித்த மதிப்பு வியக்கத்தக்கது.

அம்மாவட்டத்தின் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், அதாவது போரில் இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்பவனைக் குறிக்கும் இக்கல், அவனுக்குப் பின்னால் நிற்கும் நாயையும் செதுக்கிக் காட்டுவதோடு, 'கோவிவன்' என அதன் பெயரைச் சொல்லி, அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் தனியே பொறித்துள்ளது. பல்லவர் காலத்தில், ஒரு மேய்ச்சல் நாய் பெயரோடு கல்லில் இடம்பெற்றது தமிழ்க் கல்வெட்டு வரலாற்றின் அரும்பேறுகளுள் ஒன்றாகும்.

இன்று சவ்வாது மலைக்காடுகளின் பெரும்பகுதி காப்புக்காடு, அதாவது நுழைவும் மேய்ச்சலும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட அரசுக்காடு. வெறிநோய் போன்றவை நாய்களிடமிருந்து காட்டுயிர்களுக்குத் தொற்றக்கூடும் என்பதால், தடுப்பூசி இட்ட நாயையும் ஊர்ப்பாதைகளிலேயே கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வது தகும்.