பெட்டியும் கையெழுத்தும்

2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 702 அமெரிக்கத் தொழில்களுக்கு ஜாதகம் கணித்தார்கள். விமான மின்னணுத் தொழில்நுட்பர்களுக்கு விழுந்த எண் 0.7. இவர்கள் வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொள்ள நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. கணித்த விதம்தான் வேடிக்கை: நிபுணர்கள் கூடிப்பேசி முத்திரை குத்தியது வெறும் 70 தொழில்களுக்கு, மிச்சத்தைக் கணினியே யூகித்தது.

பழுது கண்டுபிடிப்பது ஓரளவு எப்போதோ கைமாறிவிட்டது. 1988, 89இல் பறக்க வந்த ஏ320, போயிங் 747-400 இரண்டும் தம் கோளாறைத் தாமே திரையில் சொல்லின. பெட்டியைக் கழற்று, வேறு பெட்டியை மாட்டு, அவ்வளவுதான். ஆனால் கழற்றிய பெட்டியைப் பட்டறையில் சோதித்தால் பல சமயம் ஒரு குறையும் இருக்காது. குறை கம்பியிலோ இணைப்பிலோ ஒளிந்திருக்கும். குளிரிலும் அதிர்விலும் மட்டும் தலைகாட்டும். அதைத் தேட ஆள்தான் குனிந்து நுழையணும்.

2018 அக்டோபரில் ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் மாற்றிப் பொருத்திய உணர்கருவி 21 பாகை பிசகிக் காட்டியது. மென்பொருள் அதை நம்பி மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போனது. 189 பேர் செத்தார்கள். பொருத்தியபின் சோதனை சரியாக நடந்ததா என்பதை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை.

பராமரிப்பு முடிந்து விமானத்தை விடுவிக்கக் கையெழுத்துப் போடுவது இன்றும் உரிமம் பெற்ற மனிதர்தான். வேலை சுருங்கலாம், பழி சுருங்கவில்லை. 0.7க்குள் அந்தக் கையெழுத்து எங்கே இருக்கிறது?