வீட்டுக்குள்ளே பிரண்டை வளர்க்கலாம்!

வேலியிலே தானாகப் படர்கிற பிரண்டைக்கு வளர்ப்பு முறை வேறு வேண்டுமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கரையான்சாவடியில் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, மாடி வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மாமனார் திதியன்று பிரண்டைத் துவையல் இல்லாமல் எங்கள் வீட்டில் இலை போடுவதில்லை. அதற்காக ஒரு துண்டைத் தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிட்டது. "ஏம்மா, செடி வளர்க்கறியா, இல்லே அதைக் குளிப்பாட்டறியா?" என்றார் மாமியார். சிரிப்பும் வந்தது, புத்தியும் வந்தது.

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. சதைப்பற்றுள்ள அந்த நாலு பட்டைத் தண்டிலேயே தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஈரம் வீணாகாமலிருக்கத் தண்டிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறக்கும். இத்தனை சிக்கனக்காரிக்குத் தினம் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

இரண்டு மூன்று கணு உள்ள முற்றிய துண்டாக வெட்டி, நிழலில் மூன்று நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் நன்றாகக் காய வேண்டும். தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச்சில்லு வைத்து, தோட்டமண், பெருமணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்து நிரப்பி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள்.

விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றவே வேண்டாம். கோடையில் வாரம் இரண்டு தடவை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாளுக்கு ஒரு தடவைகூட அதிகம்தான்.

காலை வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு மெலிந்து நீளும். பழைய உறி இருந்தால் அதில் தொங்க விடுங்கள். கொடி அழகாகத் தழைந்து வரும். இலை உதிர்ந்தால் பயப்படாதீர்கள், பச்சைத் தண்டே உணவு தயாரித்துக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து துணியால் துடைத்து விடுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தண்டில் ஊசி போன்ற நுண்ணிய உப்புகள் இருப்பதால் பச்சையாகக் கடித்தால் வாயும் நாக்கும் அரித்து எரியும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டாகப் பார்த்து நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத்தான் அரைக்க வேண்டும்.

எலும்புக்குப் பிரண்டை நல்லது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்காகக் குழந்தை விழுந்து கை வீங்கினால் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது துண்டு பிழைத்துக்கொண்டது. அடுத்த திதிக்குக் கடைக்கு ஆள் அனுப்பவில்லை. மாமியார் தாமே உறியை இறக்கி, கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தார். அன்று மண்ணைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சுதான் இருக்கு, நாளைக்கு ஊத்திக்கலாம்" என்றும் சொன்னார்.