கம்பியிலிருந்து கணினிக்கு – 9: வெயிலில் இறங்கும் சுருதி

மார்ச் மாதத்தில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மூணாறில் 25 இருந்தால் அதிகம். ஒரு பழைய அனலாக் சின்தசைஸரைப் பாலக்காட்டில் சுருதி சேர்த்து, ஜீப்பில் ஏற்றி மூணாறில் இறக்கி வாசித்தால் என்ன ஆகும்?

இந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றில் சுரம் என்பது மின்னழுத்தம்தான். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். வோல்ட்டை அதிர்வெண்ணாக்கும் டிரான்சிஸ்டருக்கோ வெப்பநிலை மாறினால் கணக்குத் தப்பும். அதை ஈடுகட்டாத சர்க்யூட்டில், ஒரு டிகிரி மாறினாலே மூன்று ஸ்தாயி மேலே இருக்கும் சுரம் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். 15 டிகிரி குளிர்ந்தால் உச்சி ஷட்ஜமம் கிட்டத்தட்ட சதுஸ்ருதி ரிஷபத்தில் போய் நிற்கும். பாலக்காட்டின் கல்பாத்தித் தேர்வீதியில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது இதைப் பொறுக்குமா?

பொறுக்காது என்று தெரிந்துதான் வெப்பத்தை உணரும் ரெசிஸ்டர்களைச் சேர்த்தார்கள். 1981இல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8இல் தானே சுருதி சேர்த்துக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. பிறகு சாஃப்ட்வேர் நகல்கள் வந்தன. அவற்றில் சுருதி இம்மியும் பிசகவில்லை. உடனே, 'ஒலியில் உயிரில்லை' என்றார்கள் வாங்கியவர்கள். இப்போது ப்ளகின் எனப்படும் இந்த நகல்கள் பலவற்றில் சுருதியை வேண்டுமென்றே தள்ளாட வைக்க ஒரு குமிழ் உண்டு. பொறியாளர்கள் பாடுபட்டு ஒழித்த குறை, வசதி என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது!

என் கணக்கில் நகலுக்கு உண்மையான சோதனை ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சின்தசைஸர். பம்பாய் ஸ்டூடியோக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் இதையும் டிஆர்-808 தாளக் கருவி, ஜூபிடர்-8 இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். அன்று அதைச் சீந்த ஆளில்லை. 2010இல் மறுபடி வெளியானபோதுதான், இதே 303இல் பிறந்த சிகாகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு ஐந்தாண்டு முன்பே இப்படி ஒன்றா என்று உலகம் வியந்தது. அவருக்குக் கைகொடுத்தது 303இன் 'ஸ்லைடு'. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அது தாவாது, வழுக்கிச் செல்லும். நம் ஊரில் ஜாரு என்போமே, அதன் ஏழைச் சொந்தம்.

அதே கருவியில் அழுத்தம் கொடுத்த சுரங்கள் அடுத்தடுத்து வந்தால், ஒரு கெப்பாசிட்டர் முழுதாக வடிவதற்குள் மறுபடி நிறையும். அதனால் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடக் கூர்மையாகும். சுரத்தைத் தனித்தனியாகக் கணக்கிடும் நகலுக்கு இது பிடிபடாது. முந்தைய சுரம் விட்டுப்போன மிச்சத்தையும் அது நினைவில் வைக்க வேண்டும். நல்ல நகல்கள் இன்று வைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால், எண்பதுகளின் தமிழ், மலையாள சினிமா ஒலிக்காக ஏங்குபவர்கள் அனலாக் கருவி தேடி அலைவதுதான் எனக்குப் புரிவதில்லை. 1983இல் வந்து உலகெங்கும் பரவிய யமஹா டிஎக்ஸ்7 அனலாக்கே அல்ல. ஆறு ஆபரேட்டர்கள், 32 அல்காரிதம்கள், எல்லாமே எண்கணக்கு. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டுவந்தபோது இங்கே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெரிந்ததுதானே? கணக்கை நகலெடுக்க வெயிலும் தடையில்லை, குளிரும் தடையில்லை. டெக்ஸட் என்ற ப்ளகின் இலவசமாகவே கிடைக்கிறது. அசல் டிஎக்ஸ்7இன் கரகரப்பும் வேண்டும் என்பவர்களுக்கு, அதைப் போலச் செய்யும் அமைப்பும் அதில் இருக்கிறது.