ஆற்றுக்கும் மூச்சு முட்டும்

மாணவர்களே, சுங்கை ரம்பாயிலிருந்து மூவாருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? வழியில் கெசாங் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றின் இந்தக் கரை மலாக்கா, அந்தக் கரை ஜொகூர். ஆறுதான் இரு மாநிலங்களுக்கும் எல்லை.

2013 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கு மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 ஆக இருந்தது. ஐ.பி.யு. என்று செய்திகளில் நாம் கேட்கும் குறியீடுதான் இது. அன்றே மூவாரிலும் லெடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மக்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டனர். உங்களில் பலருக்கு அந்த நாள் நினைவிருக்காது. வீட்டில் அம்மாவையோ அக்காவையோ கேட்டுப் பாருங்கள். சூரியன் செம்பு நாணயம்போல் தெரிந்ததையும், துணி காயப்போட முடியாமல் போனதையும், சாத்திய சன்னலுக்குள்ளும் கரிவாடை நுழைந்ததையும் சொல்வார்கள்.

அந்தப் புகை எங்கிருந்து வந்தது? நம் ஊர் ஆற்று மீனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்போம்.

746 என்றால் எவ்வளவு?

முதலில் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 0 முதல் 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது. 300-ஐத் தாண்டினால் அபாயகரமானது. 746 என்பது அந்தக் கடைசி எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1997 செப்டம்பரில் சரவாக்கில் 800-ஐத் தாண்டிய அளவு பதிவானது. அதற்கு அடுத்தபடியாக நம் நாடு கண்ட மிக மோசமான அளவுகளில் ஒன்று, சுங்கை ரம்பாய்க்கு அண்டை ஊரான மூவாரில் பதிவான இந்த 746.

ஒரு சின்னக் குறிப்பு. குறியீட்டுப் பட்டியலில் 'புக்கிட் ரம்பாய்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு அது நம் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அது மலாக்கா நகருக்குப் பக்கத்தில் உள்ள வேறு இடம். சுங்கை ரம்பாய் வாசிகள் அந்த எண்ணையும் மூவார் எண்ணையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அதற்கு ஏற்ப நம் நிலை மாறும்.

இந்தக் குறியீட்டில் முக்கிய இடம் பிடிப்பவை நுண்துகள்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களை பி.எம். 2.5 என்பார்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர். அப்படியானால் ஒரு முடியின் குறுக்கே இப்படிப்பட்ட துகள்கள் ஏறக்குறைய 28 வரிசையாக நிற்கலாம். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் தடுத்துவிடும். இவ்வளவு சிறிய துகள் அவற்றைத் தாண்டி நுரையீரலின் காற்றுப்பை வரை இறங்குகிறது. மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு வருவதும், இதய நோயாளிகளுக்கு ஆபத்து கூடுவதும் இதனால்தான். 2013-இல் குறியீடு 10 மைக்ரோமீட்டர் துகள்களை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2018 முதல் பி.எம். 2.5-உம் கணக்கில் சேர்க்கப்பட்டது.

மண்ணே எரியும்போது

அன்று எரிந்தது பெரும்பாலும் சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துக் கரிச்சதுப்பு நிலம். ஆங்கிலத்தில் 'பீட்' என்பார்கள். வெகு தூரமில்லை. மலாக்கா படகுத்துறையில் ஏறினால் நீரிணையின் மறுகரையில் உள்ள டுமாய் நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆண்டின் நடுவில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள புகையை நேரே நம் கரைக்குத் தள்ளிவிடும்.

கரிச்சதுப்பு நிலம் எப்படி உண்டாகிறது? சதுப்புக் காட்டில் விழும் இலையும் மரமும் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். தண்ணீருக்கு அடியில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், மிகக் குறைவு. அதனால் அவை முழுதாக மட்காமல் அப்படியே சேர்ந்துகொண்டு வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது பல மீட்டர் ஆழமுள்ள கரிமக் கிடங்காகிவிடும். ஈரமாக இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. பயிரிடுவதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்த மண் காய்ந்த விறகாகிறது. நிலத்தைச் சுத்தம் செய்ய மேலே வைத்த தீ கீழே இறங்கிவிடுகிறது.

விறகடுப்பு எரித்த பாட்டியிடம் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்: காய்ந்த விறகு சுடர்விட்டு எரியும், ஈர விறகு புகைந்தே உயிரை வாங்கும். தரைக்கடியில் எரியும் தீக்குப் போதிய உயிர்வளி கிடைப்பதில்லை. அது சுடர்விடாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அரைகுறையாக எரிவதால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக வெளிவரும். மேலே தண்ணீர் ஊற்றினால் ஆழத்திலுள்ள தீ அணையாது. வெட்டிய வாய்க்காலை அடைத்து, நிலத்தை மறுபடியும் ஊறவைப்பதே நிலையான மருந்து. 2015-இல் மீண்டும் பெரும் புகைமூட்டம் வந்த பிறகு, 2016-இல் இந்தோனேசியா இதற்கென்றே தனி அமைப்பைத் தொடங்கியது.

பழியை அக்கரையில் மட்டும் இறக்கி வைத்துவிட முடியாது. நம் நாட்டிலும் சிலாங்கூர், ஜொகூர், பகாங், சரவாக் மாநிலங்களில் கரிச்சதுப்பு நிலம் உண்டு. அங்கும் நீரை வடித்திருக்கிறோம், அங்கும் தீ பிடித்திருக்கிறது. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்பாடு 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014-இல்தான்.

தண்ணீருக்குள் ஒரு தீ

இப்போது ஆற்றுக்கு வருவோம். எரிதல் என்றால் என்ன? கரிமப் பொருள் உயிர்வளியோடு சேர்ந்து கரிவளியாவது. மட்குதலும் அதேதான். சுடர் இல்லை, சூடு தெரிவதில்லை. வேலையைச் செய்வது பாக்டீரியா. ஆற்றில் சோற்றுக்கஞ்சியோ எண்ணெயோ சாக்கடையோ கலந்தால், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். அப்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை அது எடுத்துக்கொள்ளும்.

அந்த உயிர்வளி எவ்வளவு இருக்கிறது? நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான ஆற்றுநீரில் சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம். நாம் சுவாசிப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில்தான் மீன் குடும்பம் நடத்துகிறது. அதிலும் பங்கு கேட்டால் என்ன ஆகும்?

செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். ஜாசின் மாவட்டத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழக்குலைகளை நீராவியில் அவித்து, உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். மிஞ்சுவது பழுப்பு நிறத்தில், சூடாக, புளிப்பு வாடையோடு வரும் கூழ். எண்ணெயைப் பிரித்தெடுக்க அதில் நச்சு இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. நீர், கொஞ்சம் எண்ணெய், நார், சர்க்கரை, அவ்வளவுதான். "விஷம் இல்லையே, ஆற்றில் விட்டால் என்ன?" என்று அந்தக் காலத்தில் விட்டுவந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்திகரிக்காத ஒரு லிட்டர் ஆலைக் கழிவுநீரை மட்கச் செய்யப் பாக்டீரியாவுக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும். இதை உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை என்கிறோம். பாடநூலில் பி.ஓ.டி. என்று படித்திருப்பீர்கள். 25,000-ஐ 8 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,000. ஒரு லிட்டர் கழிவுநீர் 3,000 லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை நிறுத்தப் போதும்.

மணிக்கு 60 டன் குலை அவிக்கும் ஆலையில் மணிக்கு ஏறக்குறைய 40 டன் கழிவுநீர் வரும். அது அப்படியே ஆற்றில் போனால், ஒரு மணி நேரக் கழிவுக்கு மட்டும் 12 கோடி லிட்டர் ஆற்றுநீரின் உயிர்வளி தேவைப்படும். ஒலிம்பிக் நீச்சல்குளத்தில் 25 லட்சம் லிட்டர் கொள்ளும். அதைப்போல் 48 குளங்கள். ஆறு காற்றிலிருந்து உயிர்வளியை மறுபடி வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு வேகமாக வாங்க அதனால் முடியாது.

விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளி தரும். இரவில் அது நின்றுவிடும், சுவாசம் மட்டும் தொடரும். ஆகவே விடியும் முன்தான் உயிர்வளி மிகக் குறைவு. கழிவு கலந்த ஆற்றில் மீன்கள் கொத்தாகச் செத்து மிதப்பது பெரும்பாலும் காலையில் தெரிவது இதனால்தான். "விரால் இருக்கிறதே, கெளுத்தி இருக்கிறதே, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த இரண்டு மீன்களும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. அவை மட்டும் எஞ்சியிருப்பது நல்ல அறிகுறி இல்லை.

5,000-இலிருந்து 100

இந்தக் கதையில் நாம் பெருமைப்படக்கூடிய பகுதியும் உண்டு. 1974-இல் நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கென்று 1977-இல் விதிமுறைகள் வந்தன. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் பி.ஓ.டி. வரை ஆற்றில் விட அனுமதி. பிறகு 2,000, 1,000, 500, 250 என்று படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் 100 என்று கேட்டிருந்தால் ஆலைகள் கைவிரித்திருக்கும். கால அவகாசம் கிடைத்ததால் ஆய்வாளர்களும் ஆலைகளும் வழி கண்டுபிடித்தனர்.

அந்த வழி வரிசையான குளங்கள். கழிவுநீர் முதலில் ஆறும். பிறகு உயிர்வளி இல்லாத ஆழமான குளத்தில், உயிர்வளி தேவைப்படாத பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும். கடைசிக் குளங்களில் காற்றுப் பட்டு மிச்சமும் மட்கும். ஆறு செய்ய வேண்டிய வேலையை ஆற்றுக்கு வெளியே செய்து முடிப்பதுதான் இதன் சூட்சுமம். 100 மில்லிகிராம் என்றால் ஒரு லிட்டருக்கு 12 லிட்டர் ஆற்றுநீர் போதும், 3,000 வேண்டாம்.

ஆனால் ஆழமான குளத்தில் சும்மா எதுவும் மறைந்துவிடுவதில்லை. அங்கிருந்து மீத்தேன் குமிழியாக மேலே வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் ஒரு டன் கரிவளியைப்போல் 28 மடங்கு. தண்ணீரைக் காப்பாற்றப் போய்ச் சுமையைக் காற்றின் தலையில் ஏற்றிவிட்டோம். குளத்தை மூடி, மீத்தேனைப் பிடித்து, மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இப்போது இருக்கின்றன. எல்லா ஆலைகளும் அப்படி மாறவில்லை.

நீரில் கொட்டியது காற்றுக்கு வருவதற்கு இன்னொரு சான்று, 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் நடந்தது. யாரோ கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அதிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்த மாணவர்களுக்கு வாந்தியும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த மாணவர்களில் பலர் அந்த ஆற்றுநீரைத் தொட்டதுகூட இல்லை.

நீங்கள் செய்யக் கூடியது

புகைமூட்ட நாளில் சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் மணிக்கு ஒருமுறை வெளியாகும் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் திடலில் ஓட வேண்டாம். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது, என்95 வகை தடுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருந்தால் சன்னலைச் சாத்துங்கள். உலர்ந்த செம்பனை மட்டையோ குப்பையோ வீட்டுப் பின்புறம் எரிக்க வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது.

ஆற்றைச் சோதிக்க, உங்கள் உயிரியல் பாடத்தில் வரும் மெத்திலின் நீலச் சோதனை போதும். ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், கையுறை அணியுங்கள். ஊருக்கு மேல்புறம், கீழ்புறம், கடைத்தெருச் சாக்கடை சேரும் இடம் என மூன்று இடங்களில் சம அளவு நீர் எடுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மெத்திலின் நீலக் கரைசலை அடியில் விட்டு, உடனே மூடுங்கள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் காற்று கலந்துவிடும். இருட்டு அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி உயிர்வளி தந்து கணக்கைக் கெடுத்துவிடும். உயிர்வளி தீரும்போது நீலம் மறையும். எது முதலில் வெளுக்கிறதோ, அந்த நீரில்தான் கழிவு அதிகம்.

ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட வேண்டாம். மழைக்கு முன்னும் பின்னும், மாதம் ஒருமுறை, தேதியும் இடமும் நேரமும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆறு கெட்டுவிட்டது என்று ஊரார் சொன்னால் அது பேச்சு. ஆறு மாதக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் எந்த இடத்தில் நீலம் எத்தனை நிமிடத்தில் மறைந்தது என்று சுற்றுச்சூழல் துறைக்கு எழுதினால், அவர்கள் வந்து எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.