மலைநாட்டு நீர்ப்பரப்புகள்: புசல்லாவையிலிருந்து ஒரு மோட்டார்ப் பயணம்



பிரித்தானியாவிலே கோடை விடுமுறை வந்துவிட்டால், குடும்பத்தோடு மோட்டார் வண்டியிலேறிப் படகுத்துறைகளை நாடிச் செல்வது அந்நாட்டு மக்களின் வழக்கம். வடக்கே விண்டமியர் ஏரி, தெற்குக் கரையிலே பாய்மரப் படகுகள் நெருங்கி நிற்கும் லிமிங்டன் துறை, கிழக்கே நோபக் பகுதியின் 'புரோட்ஸ்' நீர்நிலைகள் என்று அவர்களுக்குப் பல இடங்கள் உண்டு. இவற்றுள் புரோட்ஸ் நீர்நிலைகள் இயற்கையாக அமைந்தவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய பள்ளங்களில் பின்னர் நீர் புகுந்ததனாலேயே அவை உண்டாயின என்பதை, ஜொய்ஸ் லம்பேட் என்னும் தாவரவியல் அறிஞர் 1950களில் நடத்திய ஆய்வுகள் புலப்படுத்தின.

நம் மலைநாட்டுக்கு வருவோம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், தேயிலை மலைகளுக்கிடையே அமைந்த ஊர் புசல்லாவை. இவ்வூரை நடுவாக வைத்து மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அழகிய நீர்ப்பரப்புகளைக் காணலாம். அவையும் மனிதர் கைகளால் ஆனவையே. அவற்றை ஆக்கியவர் யார், எதற்காக ஆக்கினர், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பவற்றை அறிந்துகொண்டு பார்த்தால், காட்சியின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

புசல்லாவையிலிருந்து இறம்பொடையை நோக்கிச் செல்லும்போது, பள்ளத்தாக்கிலே நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பொன்று தென்படும். அதுவே கொத்மலை நீர்த்தேக்கம். இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில் அமைந்துள்ள குன்றிலிருந்து அதனை நன்றாகக் காணலாம். மகாவலியின் கிளையாகிய கொத்மலை ஓயாவை மறித்து, சுவீடன் நாட்டின் உதவியுடன், 87 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்ட இவ்வணை 1985இல் நிறைவெய்தியது. இதன் நிலக்கீழ் மின்னிலையம் 201 மெகாவாற் மின்வலுவைப் பிறப்பிக்க வல்லது.

துட்டகைமுனு இளவரசனாக இருந்தபோது மறைந்து வாழ்ந்த இடம் கொத்மலை என்பது மரபு. அத்தகைய பழமை வாய்ந்த பள்ளத்தாக்கிலே வயல்களும் வீடுகளும் விகாரைகளும் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பலர் வறண்ட வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகா சேய என்னும் தாதுகோபம் எழுப்பப்பட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது, கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தலைகாட்டுவதுண்டு.

நீர்த்தேக்கத்தைக் கண்டவுடன் அதில் இறங்கி விளையாட மனம் நாடும். அது தகாது. இயற்கையான ஏரிக்குச் சரிந்து செல்லும் கரை இருக்கலாம். நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குக்கோ இருப்பது மலைச்சரிவு. இரண்டடி எடுத்து வைத்தால் மூன்றாமடியில் நிலம் இல்லாமற் போகலாம். மின்னாக்கத்துக்காக நீரைத் திறந்துவிடுவதால் நீர்மட்டமும் மாறிக்கொண்டேயிருக்கும்.

படகேற விரும்புவோர் நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லலாம். அங்குள்ள கிரகரி வாவி, தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் ஆட்சிக்காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தினூடே ஓடிய நீரை மறித்து அமைக்கப்பட்டது. தம் நாட்டுக் குளிரையும் ஏரிகளையும் பிரிந்து வந்த ஆங்கிலேயர், அவற்றின் சாயலை இம்மலையுச்சியிலே உண்டாக்கிக்கொண்டனர். அன்று அந்த வாழ்வுக்குப் பொருள் ஈட்டித் தந்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த நம் முன்னோர். துரைமாரின் பொழுதுபோக்கிடமாயிருந்த அவ்வாவியில் இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் அன்னவடிவ மிதிபடகிலேறிச் சிரித்து மகிழ்கின்றனர். இம்மாற்றம் சிறியதன்று. ஏப்ரல் மாத வசந்தகாலத்தில் அங்கே நெரிசல் மிகும். அமைதியை விரும்புவோர் வேறு மாதங்களில் செல்வது நலம்.

இனி, புசல்லாவையிலிருந்து கீழிறங்கி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியை அடைவோம். தலதா மாளிகைக்கு அருகேயுள்ள வாவியைக் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் வெட்டுவிக்கத் தொடங்கினான். முன்பு அவ்விடம் வயல் நிலமாக இருந்தது. கரையிலுள்ள முகில் வடிவ மதில் இன்றும் முற்றுப்பெறாமல் நிற்கின்றது. மதுரை நாயக்கர் வழிவந்த அம்மன்னன் 1815இல் சிறைப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். குடிகளின் கட்டாய உழைப்பால் எழுந்த வாவியின் அழகை நெடுநாள் நுகர அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மேலும் ஒரு நாள் ஓய்வுள்ளவர்கள் கண்டிக்குக் கிழக்கே சென்று, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட விக்ரோரியா அணையைப் பார்க்கலாம். 122 மீற்றர் உயரமுடைய வளைவணை அது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்குள் அடங்கியது. மஸ்கெலியாப் பக்கம் சென்றால், 1960களில் அமைந்த காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் உண்டு. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீரின் அடியில் உள்ளது. நீர் வற்றும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுகின்றன.

நேயர்களே, இப்பயணத்தில் நீரைக் காட்டிலும் பாதையே பெரிய ஆபத்து என்பதை மறத்தலாகாது. 2025 மே மாதத்தில், இதே பெருந்தெருவில், கெரண்டி எல்ல என்னுமிடத்தில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றன. ஆகவே, புறப்படுமுன் வானிலை அறிவித்தலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டறியுங்கள். அடைமழையில் பயணத்தை ஒத்திவையுங்கள். இறக்கத்தில் தடையை மட்டும் நம்பாது, தாழ்ந்த கியரில் வண்டியைச் செலுத்துங்கள். இருள் சூழுமுன் தங்குமிடம் சேருங்கள். படகிலேறும்போது நீச்சல் அறிந்தவராயினும் உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். அங்கியில்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

கரையில் நின்று இந்நீர்ப்பரப்புகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்பொழுது, அவற்றின் அழகை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். நம் வீட்டு விளக்கு எரிய, யாரோ ஒருவருடைய வயல் இந்நீருக்கடியில் கிடக்கின்றது என்பதையும் சொல்லிவையுங்கள்.